ஸ்பெக் எழுதிக் கொடுத்தால் பிஎல்சி ப்ரோகிராம் தானாக வந்துவிடுமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். பேக்கிங் லைன்களுக்கு பிஎல்சி (ஆலை இயந்திரங்களை இயக்கும் சிறு கணினி) ப்ரோகிராம் எழுதும் ஒருவர் கேட்டிருப்பது இது: வாடிக்கையாளர் தரும் நாற்பது பக்க ஸ்பெக்கை (இயந்திரம் என்ன செய்ய வேண்டும் என்ற விவர ஆவணத்தை) கணித முறைப்படி, இரண்டு அர்த்தத்துக்கு இடமில்லாமல் எழுதிவிட்டால், அதிலிருந்து ப்ரோகிராம் கோடை (code) ஒரு மென்பொருளே உருவாக்கிவிடுமா? நிஜ ஆலையில் யாராவது அப்படிச் செய்கிறார்களா, இல்லை ஆராய்ச்சிக் கட்டுரைகளோடு நின்றுவிட்ட விஷயமா? செய்கிறார்கள் என்றால் லேடர் (மின்சுற்றுப் படம் போன்ற பிஎல்சி மொழி) எழுதுகிற நம் வேலை என்ன ஆகும்?

உருவாக்க முடியும், செய்கிறார்கள். ரயிலில், நகரும் பாலங்களில், எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளின் அவசர நிறுத்த அமைப்புகளில் எல்லாம் நடக்கிறது. ஆனால் இந்தத் துறைக்குள் வருகிற பெரும்பாலோர் கஷ்டம் கோடை உருவாக்கும் இடத்தில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். கோடு உருவாக்குவது இருப்பதிலேயே சுலபமான பகுதி. உண்மையான உழைப்பு, நாம் கட்டளை கொடுக்காதபோதும் இயந்திரம் தானாக என்னென்ன செய்யக்கூடும் என்பதை எழுதி வைப்பதில்தான் போகிறது. வாடிக்கையாளரின் ஸ்பெக்கில் நமக்கு என்ன வேண்டும் என்பது இருக்கும். இயந்திரம் என்ன செய்யும் என்பது அநேகமாக எங்கேயும் இருக்காது, அது அனுபவமுள்ள ஆட்களின் தலைக்குள் இருக்கும். கீழே நான் சொல்லப்போகும் எல்லாமே இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

முதலில் சாதாரண ஸ்பெக்கில் என்ன பிரச்சனை என்று பார்ப்போம். "பாதுகாப்புக் கார்டு கதவு மூடியிருக்கும்போது மட்டும் மோட்டார் ஓட வேண்டும்." எல்லா ஸ்பெக்கிலும் இருக்கிற வரி. இதை நான்கு பேரிடம் கொடுத்தால் நான்கு ப்ரோகிராம் வரும். ஒருவர் ஸ்டார்ட் பட்டனோடு கதவு சென்சாரை ஒரு கான்டாக்டாகச் சேர்த்துவிட்டு, ஓடத் தொடங்கியபின் கதவு திறந்தால் என்ன என்பதை யோசிக்கவே மாட்டார். இன்னொருவர் திறந்தவுடன் நிறுத்துவார், மூடியவுடன் மோட்டார் தானாக மறுபடி ஓடத் தொடங்கிவிடும். மூன்றாமவர் ரீசெட் கேட்பார். நான்காமவர் ஏதோ அதிர்வில் சென்சார் ஒரு கணம் விட்டுவிட்டு வரும் என்று பயந்து நடுவில் ஒரு டைமரைப் போட்டு வைப்பார். நான்கு பேரும் "ஸ்பெக்கில் இப்படித்தான் இருக்கிறது" என்று வாதாட முடியும். ஃபார்மல் ஸ்பெக் என்றால் பெரிய மர்மம் ஒன்றுமில்லை, ஒரு வரிக்கு ஒரே அர்த்தம், அந்த அர்த்தத்தை வைத்து ஒரு மென்பொருள் கணக்குப் போட முடிய வேண்டும், அவ்வளவுதான்.

இதில் ரொம்ப எளிமையானதும் உலகத்தில் அதிகம் பயன்படுவதும் காரண-விளைவு அட்டவணை. எண்ணெய், எரிவாயு, ரசாயன ஆலைகளில் வேலை பார்த்தவர்கள் இதைக் காஸ் அண்ட் எஃபெக்ட் என்றே சொல்வார்கள். வரிசைகளில் காரணங்கள்: இந்த அழுத்தம் எல்லை தாண்டியது, அந்தத் தொட்டியின் மட்டம் விழுந்தது. நெடுவரிசைகளில் விளைவுகள்: இந்த வால்வு மூடு, அந்தப் பம்பை நிறுத்து. சந்திக்கும் கட்டத்தில் ஒரு குறி. சீமென்ஸின் சேஃப்டி மேட்ரிக்ஸ் போன்ற கருவிகள் இந்த அட்டவணையை அப்படியே எடுத்து சேஃப்டி பிஎல்சி ப்ரோகிராமாக மாற்றித் தருகின்றன. மூன்று டிரான்ஸ்மிட்டரில் இரண்டு சொன்னால் போதும் என்கிற வோட்டிங், தாமதம், பைபாஸ், ரீசெட் எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. இதில் வேலை செய்தவர் யாராக இருந்தாலும் அவர் ஏற்கெனவே ஃபார்மல் ஸ்பெக்கிலிருந்து கோடு உருவாக்கியவர்தான், அந்தப் பெயரில் யாரும் அதைச் சொல்வதில்லை. அட்டவணைக்கு ஒரு எல்லை இருக்கிறது. வரிசைக்கிரமம் அதற்கு வராது. முதலில் இது, அது முடிந்தால் அடுத்தது, நடுவில் நின்றால் எங்கிருந்து தொடர்வது என்கிற பேச்சு வந்தவுடன் அட்டவணை கை விரித்துவிடும். பேக்கிங் லைன் முழுக்க முழுக்க வரிசைக்கிரமம்தான் என்பதால் உங்களுக்கு அது போதாது.

வரிசைக்கிரமத்துக்கு வந்தால் கிராஃப்செட் (படிகளும் அவற்றுக்கு நடுவிலான நிபந்தனைகளுமாக வரையும் முறை) பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 1962இல் ஜெர்மனியில் கார்ல் ஆடம் பெட்ரி தன் ஆய்வேட்டில் வைத்த, பெட்ரி வலைகள் எனப்படும் வரைபடங்களின் வழிவந்தது, 1977இல் பிரான்சில் உருவானது, 1988இல் ஐஇசி 848 என்று சர்வதேசத் தரமாகி இன்று ஐஇசி 60848 என்ற எண்ணில் இருக்கிறது. 1993இல் பிஎல்சி மொழிகளுக்கான ஐஇசி 61131-3 வந்தபோது அதிலிருக்கும் எஸ்எஃப்சி என்ற படிவரிசை மொழி இந்தக் கிராஃப்செட்டைப் பார்த்துத்தான் வந்தது. படம் இரண்டிலும் ஒன்றுபோலவே இருப்பதால், கிராஃப்செட்டில் வரைந்த ஸ்பெக்கை எஸ்எஃப்சியில் அப்படியே திரும்ப வரைந்தால் வேலை முடிந்தது என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். இங்கே கவனம் தேவை, ஏனென்றால் இரண்டும் ஓடும் விதம் வேறு.

கிளை பிரியும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு படியிலிருந்து இரண்டு பாதை, இரண்டின் நிபந்தனையும் ஒரே நேரத்தில் உண்மையாகிவிட்டது. கிராஃப்செட்டின் விதிப்படி இரண்டு பாதையும் திறக்கும், வேண்டாம் என்றால் ஒன்றுக்கொன்று முரணாக நிபந்தனை எழுதுவது உங்கள் பொறுப்பு. எஸ்எஃப்சியில் இடதிலிருந்து முன்னுரிமை, ஒன்றுதான் திறக்கும். இன்னொன்று, அடுத்தடுத்த நிபந்தனைகள் ஏற்கெனவே உண்மையாக இருந்தால் கிராஃப்செட் நடுப்படியைக் கணக்கில் மட்டும் கடந்து போய்விடும், அந்தப் படியின் தொடர்செயல் (படி இருக்கும்வரை நடக்கும் செயல்) நடக்கவே நடக்காது. பெரும்பாலான பிஎல்சிகளின் எஸ்எஃப்சியோ ஒரு ஸ்கேனுக்கு (இன்புட் படித்து, ப்ரோகிராம் ஓட்டி, அவுட்புட் எழுதும் ஒரு சுற்றுக்கு) ஒரு படிதான் நகரும், ஆகவே நடுப்படியின் அவுட்புட் ஒரு ஸ்கேன் நேரத்துக்காவது எரிந்து அணையும். அந்த அவுட்புட்டில் இருப்பது ஒரு விளக்கு என்றால் யாருக்கும் தெரியாது. வேகமான நியூமேட்டிக் வால்வு என்றால் சிலிண்டர் ஒரு துள்ளு துள்ளும். ஸ்பெக் சரி, கோடும் பார்வைக்கு ஸ்பெக் மாதிரியே இருக்கிறது, இயந்திரம் மட்டும் வேறு மாதிரி நடக்கிறது. மாற்றும் மென்பொருளை நம்புவதற்கு முன் அது எந்த விதிகளின்படி மாற்றுகிறது என்று கேட்க வேண்டியது இதனால்தான்.

சரி, மாற்றும் வழிகளுக்கு வருவோம். ஸ்பெக்கிலிருந்து கோடைக் கணக்கிட்டே பெறுவது ஒரு வழி, இதைத்தான் சிந்தசிஸ் என்கிறார்கள். மேலோட்டமான மாதிரியில் தொடங்கி ஒவ்வொரு படியிலும் நிரூபித்துக்கொண்டே விவரம் சேர்த்துக் கோடு வரை இறங்குவது இன்னொரு வழி. இது இரண்டும் இல்லாமல் கோடை நாமே கையால் எழுதி, அது ஸ்பெக்கை மீறுகிறதா என்று மென்பொருளை வைத்துச் சோதிப்பதும் உண்டு.

நிரூபித்துக்கொண்டே இறங்கும் வழிக்குப் பெரிய உதாரணம் பாரிஸ் மெட்ரோ. 1998 அக்டோபரில் திறந்த 14ஆம் தடம், ஓட்டுநர் இல்லாத ரயில். அதன் பாதுகாப்பு மென்பொருளை ஜான்-ரேமோன் அப்ரியால் உருவாக்கிய, கணித நிரூபணத்தோடு மென்பொருள் எழுதும் பி முறையில் எழுதினார்கள். ஏறக்குறைய 1,15,000 வரி பி, அதிலிருந்து உருவான சுமார் 86,000 வரி அடா மொழிக் கோடு, வழியில் நிரூபிக்க வேண்டியிருந்தவை 27,000க்கும் மேல். அந்தப் பகுதிக்கு யூனிட் டெஸ்டையே (கோடைப் பகுதி பகுதியாகச் சோதிப்பதை) விட்டுவிட்டார்கள். அது பிஎல்சி இல்லை, ரயிலுக்கென்றே செய்த கணினி. ஆனால் அதே ஊரில் பிஎல்சியிலும் நடந்தது. 13ஆம் தடத்தின் சில நிலையங்களில் நடைமேடைக் கதவுகளைச் சோதித்தபோது, ரயிலோடு எந்த இணைப்பும் இல்லாமல், நடைமேடையில் இருக்கிற சென்சார்களை மட்டும் வைத்து ரயில் வந்ததா, நின்றதா, அதன் கதவு திறந்ததா என்று கண்டுபிடிக்கிற கட்டுப்பாடு தேவைப்பட்டது. அதையும் பி முறையில் எழுதி, நிரூபித்து, கடைசியில் லேடராக மாற்றி சேஃப்டி பிஎல்சியில் ஏற்றினார்கள். பி மொழியின் கணக்கு நாம் தினமும் பார்க்கும் லேடர் ரங்குகளாக (லேடரின் வரிகளாக) இறங்கியிருக்கிறது என்பது, இதெல்லாம் நமக்கு எட்டாத உயரம் என்று நினைப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி.

இப்போது சிந்தசிஸ். இங்கேதான் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

1980களில் கனடாவில் பீட்டர் ராமட்ஜும் மரே வோனமும் வைத்த கோட்பாடு இதற்கு அடிப்படை. அவர்கள் நிகழ்வுகளை இரண்டாகப் பிரித்தார்கள். நாம் தடுக்கக்கூடியவை, தடுக்க முடியாதவை. மோட்டாருக்கு ஓடு என்று சொல்வது நம் கையில். லிமிட் சுவிட்ச் மாறுவது நம் கையில் இல்லை, ஆபரேட்டர் பட்டனை அழுத்துவதும் நம் கையில் இல்லை. பிறகு இரண்டு விஷயங்களைத் தனித்தனியாக எழுதச் சொல்கிறார்கள்: ஆலை என்னென்ன செய்யக்கூடும் என்ற மாதிரி ஒன்று, என்ன நடக்கக்கூடாது என்ற தேவைகள் ஒன்று. இரண்டையும் கொடுத்தால், தேவைகளை ஒருபோதும் மீறாத, எங்கேயும் போய் முட்டி நின்றுவிடாத, அதேசமயம் தேவைக்கு மேல் எதையும் தடுக்காத ஒரு மேற்பார்வையாளரை (எந்தக் கட்டளையை எப்போது தடுப்பது என்று முடிவுசெய்யும் தர்க்கத்தை) கணக்கிட்டே எடுத்துவிடலாம். நெதர்லாந்தின் பொதுப்பணித் துறையான ரைக்ஸ்வாட்டர்ஸ்டாட்டும் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் சேர்ந்து கால்வாய் லாக்குகளுக்கும் (நீர்மட்டத்தை மாற்றிப் படகை ஏற்றி இறக்கும் கதவறைகள்) நகரும் பாலங்களுக்கும் இதைப் பயன்படுத்தினார்கள். டில்பர்க் நகரின் சுழல் பாலம் ஒன்றுக்கு சென்சார், மோட்டார் பழுதுகளையும் மாதிரிக்குள் சேர்த்தே மேற்பார்வையாளரைக் கணக்கிட்டார்கள். அவர்கள் கருவியான சிஐஎஃப் இன்று எக்லிப்ஸ் எஸ்கெட் திட்டத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, பிஎல்சி கோடாகவே வெளியே தரும்.

பாலத்தையே எடுத்துக்கொண்டு நான் சுருக்கிய ஒரு உதாரணம் சொல்கிறேன், நிஜப் பாலத்தின் ஸ்பெக் இதைவிடப் பல மடங்கு பெரியது. சாலையில் ஒரு சிவப்பு விளக்கு, தடுப்புக் கட்டை, பாலத் தளத்தைப் பிடித்து வைத்திருக்கும் லாக் பின், தளத்தை நகர்த்தும் மோட்டார். தேவைகள்: சிவப்பு எரிந்தால்தான் கட்டையை இறக்கலாம். கட்டை முழுக்க இறங்கியிருந்தால்தான் பின்னை எடுக்கலாம். தளம் திரும்பி வந்து பின் மாட்டியபின்தான் கட்டையைத் தூக்கலாம். கட்டை தூக்கியபின்தான் சிவப்பை அணைக்கலாம். கணக்கிட்டால் நல்ல மேற்பார்வையாளர் வரும், ஏறக்குறைய நீங்கள் கையால் எழுதியிருக்கும் இன்டர்லாக்குகளேதான் (இது இருந்தால்தான் அது என்ற தடுப்பு நிபந்தனைகள்).

இப்போது திட்டக் கூட்டத்தில் யாரோ ஒருவர் ஒரு வரி சேர்க்கிறார்: "சிவப்பு எரியும்போது கட்டை உயரக்கூடாது." தனியாகப் படித்தால் நியாயமாகத்தான் தெரிகிறது, பாதுகாப்புக்காகச் சொல்கிற வரி, யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் ஏற்கெனவே கட்டை உயர்ந்தபின்தான் சிவப்பு அணையும் என்று எழுதியிருக்கிறோம். கட்டை ஒரு முறை இறங்கிவிட்டால் மறுபடி உயர வழியே இல்லை, சாலை நிரந்தரமாக மூடிவிடும். கையால் எழுதியிருந்தால் இது கமிஷனிங் (இடத்தில் வைத்து முதலில் ஓட்டிப் பார்ப்பது) அன்று, வண்டிகள் வரிசையில் நிற்கும்போது தெரியவரும். சிந்தசிஸ் இதைக் கணக்கிலேயே பிடித்துவிடும், ஆனால் எப்படிப் பிடிக்கிறது என்பதுதான் முக்கியம். கட்டையை இறக்கினால் மீள முடியாது என்று அது கண்டுகொள்கிறது, ஆகவே கட்டையை இறக்கும் கட்டளையையே எப்போதைக்குமாகத் தடுத்துவிடுகிறது. பிழை என்று எதுவும் வராது. மேற்பார்வையாளர் தயார், எல்லாத் தேவைகளும் நிறைவேறுகின்றன, எதுவும் முட்டி நிற்கவில்லை. படகுக்கு மட்டும் பாலம் ஒருநாளும் திறக்காது.

இதனால் உருவான கோடை அப்படியே ஏற்றாதீர்கள். ஒவ்வொரு கட்டளைக்கும் கருவி என்ன கூடுதல் நிபந்தனை சேர்த்திருக்கிறது என்று படித்துப் பாருங்கள். எந்தக் கட்டளைக்காவது "ஒருபோதும் கூடாது" என்று வந்திருந்தால் உங்கள் தேவைகளில் இரண்டு ஒன்றையொன்று கடிக்கின்றன. எதிர்பாராத நிபந்தனை வந்திருந்தால் அதற்குக் காரணம் கண்டுபிடிக்கும்வரை நகரக்கூடாது. எனக்குத் தெரிந்தவரை இந்த வேலையின் உண்மையான லாபமே இந்தப் படிப்பில்தான் இருக்கிறது, கோடு கிடைப்பது அதற்கப்புறம்தான்.

இதே பாலத்தில் இன்னொன்று. கட்டை இறங்கியிருந்தால்தான் பின்னை எடுக்கலாம் என்பதை வேறு மாதிரியும் எழுதலாம்: "பின் எடுத்திருக்கும்போது கட்டை இறங்கிய சென்சார் அணைந்திருக்கக்கூடாது." இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். முதலாவது ஒரு கட்டளைக்கான நிபந்தனை, இரண்டாவது ஒரு நிலை வரவே கூடாது என்கிற வாக்குறுதி. இப்போது மாதிரிக்கு வாருங்கள். கட்டை இறங்கிய சென்சார் எப்போது வேண்டுமானாலும் அணையலாம் என்று ஆலை மாதிரியில் எழுதியிருந்தால், அது தடுக்க முடியாத நிகழ்வு, ஒரு லாரி மோதி கட்டை ஒடிந்தாலும் அணையும், வயர் அறுந்தாலும் அணையும். அந்த நிலை வரவே கூடாது என்றால் பின்னை எடுக்காமல் இருப்பது ஒன்றுதான் வழி. மறுபடியும் பாலம் திறக்காது. சரி, கட்டை மோட்டார் ஓடினால்தான் சென்சார் மாறும் என்று மாதிரியில் எழுதிவிட்டால்? பாலம் திறக்கும். ஆனால் லாரி மோதும் சாத்தியத்தை நாமே கணக்கிலிருந்து எடுத்துவிட்டோம், கருவியின் நிரூபணம் இனி அந்த லாரியைப் பற்றி எதுவும் சொல்லாது.

எது சரி என்று எந்த மென்பொருளும் சொல்ல முடியாது. இயந்திரத்தைத் தெரிந்த ஒருவர்தான் சொல்ல வேண்டும்: சாதாரணமாக சென்சார் மோட்டாரோடுதான் மாறும், மீறி மாறினால் அது பழுது, பழுது வந்தால் தளம் இருக்கும் இடத்தில் நிற்க வேண்டும், சிவப்பு எரிந்துகொண்டே இருக்க வேண்டும், ஆபரேட்டர் வந்து பார்க்காமல் எதுவும் நகரக்கூடாது. இப்படிப் பழுதை ஒரு தனி நிகழ்வாக மாதிரிக்குள் கொண்டுவந்து, அதற்கும் தேவை எழுத வேண்டும். டில்பர்க் பாலத்தில் பழுதுகளைச் சேர்த்தார்கள் என்று மேலே சொன்னேனே, அதன் அருமை இங்கே புரியும். பேக்கிங் லைனுக்கும் இதேதான்: அட்டைப்பெட்டி நழுவுவது, ஆபரேட்டர் நடுவில் கையால் ஒன்றை எடுத்துவிடுவது, காற்றழுத்தம் குறைந்து சிலிண்டர் பாதியில் நிற்பது, இவையெல்லாம் ஸ்பெக்கில் இல்லாதவை, ஆனால் தினமும் நடப்பவை.

அடுத்தது ஸ்கேன். கோட்பாட்டில் நிகழ்வுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும், ஒரே கணத்தில் இரண்டு வராது. பிஎல்சியோ இன்புட்டை மொத்தமாகப் படிக்கும், ப்ரோகிராமை மேலிருந்து கீழாக ஓட்டும், அவுட்புட்டை மொத்தமாக எழுதும், இதையே திரும்பத் திரும்பச் செய்யும். இரண்டு ஸ்கேனுக்கு நடுவில் மூன்று சென்சார் மாறினால் எது முதலில் மாறியது என்று அதற்குத் தெரியாது. 10 மில்லிசெகண்ட் ஸ்கேனில் 4 மில்லிசெகண்ட் துடிப்பு வந்தால் அது கண்ணிலேயே படாமல் போகலாம். ஸ்வீடனைச் சேர்ந்த மார்ட்டின் ஃபேபியனும் ஆண்டர்ஸ் ஹெல்கிரனும் 1998இலேயே இந்தச் சிக்கல்களை வரிசைப்படுத்தி எழுதிவிட்டார்கள். அவற்றில் நம் ஆட்கள் அதிகம் மாட்டுவது பனிச்சரிவு என்று அவர்கள் சொல்வதில். ஒரே பட்டனை அடுத்தடுத்த இரண்டு படிகளுக்கு நிபந்தனையாக வைத்து, படிகளை மேலிருந்து கீழாக செட், ரீசெட் என்று எழுதியிருந்தால், ஒரே அழுத்தலில், ஒரே ஸ்கேனில் இரண்டு படியும் தாண்டிவிடும். ரங்குகளின் வரிசையை மாற்றினால் சரியாகிவிடும், அப்புறம் வேறு எங்கோ உடையும்.

இதற்கு மருந்து எளிமையானது, கருவி இல்லாமல் கையால் எழுதும்போதும் உதவும். ப்ரோகிராமை மூன்று பகுதியாக வையுங்கள். முதல் பகுதியில் எந்தெந்த மாற்றங்கள் இந்த ஸ்கேனில் நடக்க வேண்டும் என்று மட்டும் கணக்கிட்டுத் தனி பிட்களில் வையுங்கள், எந்தப் படியையும் தொடாதீர்கள். இரண்டாவதில் அந்த பிட்களை வைத்துப் படிகளை மாற்றுங்கள். மூன்றாவதில் படிகளிலிருந்து அவுட்புட்டுகளை எழுதுங்கள், ஒரு அவுட்புட்டுக்கு ஒரே ஒரு இடம். இரண்டு இடத்தில் ஒரே காயில் (லேடரில் அவுட்புட்டை எழுதும் குறி) இருந்தால் கடைசியில் வருவது ஜெயிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும், இருந்தும் அந்தத் தப்பு ஓயவில்லை. இந்த மூன்று பகுதி ஒழுங்கில் எழுதிய கோடை கிராஃப்செட் ஸ்பெக்கோடு வரிக்கு வரி ஒப்பிடலாம், ஒரே ஸ்கேனில் பனிச்சரிவும் வராது.

தேர்வு என்ற சிக்கல் இன்னும் நுட்பமானது. மேற்பார்வையாளர் தடுப்பவர், கட்டளை கொடுப்பவர் கிடையாது. இந்தக் கணத்தில் இரண்டு கட்டளைகள் அனுமதி என்று அது சொன்னால், எதை எடுப்பது? பிஎல்சிக்குள் போனால் கோடில் முதலில் எழுதியது எடுக்கப்படும். எதை முதலில் எடுத்தாலும் கடைசியில் அதே நிலைக்கு வந்து சேர்ந்தால் பரவாயில்லை. வராவிட்டால், கோட்பாட்டில் முட்டி நிற்காத மேற்பார்வையாளர் பிஎல்சியில் முட்டி நிற்கலாம். சிஐஎஃப்பில் இதைச் சோதிக்கவே தனிச் சோதனைகள் இருக்கின்றன: எந்த வரிசையில் எடுத்தாலும் முடிவு ஒன்றா, கட்டளைகள் ஒரு எல்லைக்குள் ஓய்கின்றனவா, இல்லை முடிவில்லாமல் சுற்றுகின்றனவா என்று. அவற்றை ஓட்டாமல் கோடு எடுக்க வேண்டாம்.

"தேவைகளைக் காலத் தர்க்கத்தில் (எப்போதும், என்றாவது என்று காலத்தோடு சேர்த்து எழுதும் தர்க்கம்) எழுதினால் எல்லாவற்றையும் கணக்கிட்டுத் தரும் கருவி கிடையாதா?" என்று அடுத்து கேட்பீர்கள். 1989இல் அமீர் ப்னுவேலியும் ரோனி ரோஸ்னரும் காட்டியபடி, பொதுவான வடிவில் அந்தக் கணக்கின் செலவு ஸ்பெக்கின் நீளத்தோடு அடுக்கின் மேல் அடுக்காக ஏறுகிறது. 2006இல் ஸ்பெக்கின் வடிவத்தைக் கட்டுப்படுத்தி, செலவைத் தாங்கக்கூடிய அளவுக்குக் கொண்டுவந்தார்கள். இருந்தாலும் நிலைகளின் எண்ணிக்கை எப்போதும் கூடவே வரும். ஆன், ஆஃப் மட்டும் உள்ள 40 சென்சார் இருந்தாலே ஒரு லட்சம் கோடிக்கும் மேல் சேர்க்கைகள். இதைச் சமாளிக்கும் உத்திகள் நன்றாகவே வளர்ந்திருக்கின்றன. ஆனால் முழு லைனையும் ஒரே மாதிரியாக எழுதி உள்ளே தள்ளினால் எந்தக் கருவியும் திணறும், ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் பிரிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

ஏற்கெனவே ஓடும் ப்ரோகிராம் இருக்கிறதென்றால் சோதிக்கும் வழிதான் நடைமுறைக்கு ஒத்தது. செர்ன் இயற்பியல் ஆராய்ச்சிக்கூடத்தில் பிஎல்சிகள் நிறைய, அவர்கள் உருவாக்கிய பிஎல்சிவெரிஃப் என்ற கருவி 2020 முதல் எல்லோருக்கும் திறந்த மூலமாகக் கிடைக்கிறது. கோடையும் ஒரு தேவையையும் கொடுத்தால், மீற முடியாது என்று சொல்லும், அல்லது எந்த இன்புட் வரிசை வந்தால் மீறும் என்று ஸ்கேன் ஸ்கேனாகக் காட்டும். அந்த எதிர் உதாரணம் கிடைப்பது பெரிய விஷயம், வாடிக்கையாளரிடம் "உங்கள் ஸ்பெக்கின் இந்த வரிப்படி எழுதினால் இப்படி ஆகும், இதுதான் வேண்டுமா" என்று கேட்க ஆதாரம் கிடைக்கிறது.

இவ்வளவும் செய்தாலும் எஃப்ஏடி (அனுப்புமுன் தயாரித்த இடத்தில் நடக்கும் ஏற்புச் சோதனை), கமிஷனிங் போகாது. நிரூபணம் மாதிரியைப் பற்றியது. கதவு சென்சாரை நார்மலி க்ளோஸ்டுக்குப் பதில் நார்மலி ஓப்பனாக வயரிங் செய்திருந்தால் எந்தக் கணக்கும் காப்பாற்றாது. பாதுகாப்புச் செயல்பாடு என்றால் ஐஇசி 61508 குடும்பத்துப் பாதுகாப்புத் தரங்கள் கோடு உருவாக்கும் கருவி மீதே கேள்வி கேட்கும், ஆகவே சான்று பெற்ற சேஃப்டி பிஎல்சியில் இருக்கும் சான்று பெற்ற பிளாக்குகளை விட்டுவிட்டு இலவசக் கருவி தந்த கோடை அங்கே வைக்காதீர்கள். இன்டர்லாக், வரிசைக்கிரமம், ஆட்டோ-மேனுவல் மாறுதல் இவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை போய்விடுமா என்ற கேள்விக்கு. ரங்குகளைத் தட்டச்சு செய்வது மட்டும்தான் ஒருவரின் வேலை என்றால் அந்தப் பகுதி சுருங்கும், இப்போது செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகளும் எஸ்டி (எழுத்து வடிவ பிஎல்சி மொழி) கோடை எழுதித் தள்ளுகின்றன. ஆனால் அவை எழுதும் கோடு சரியா என்று எதை வைத்துச் சொல்வீர்கள்? பார்த்தால் சரியாகத்தான் இருக்கும், மேலே சொன்ன பாலத்துத் தேவைகள் கூடத்தான் பார்த்தால் சரியாக இருந்தன. கோடை யார் எழுதினாலும், எதற்கு எதிராக அதைச் சோதிப்பது என்று ஒன்று இருக்க வேண்டும், அதை எழுதத் தெரிந்தவருக்கு வேலை கூடும் என்றுதான் நான் நினைக்கிறேன். பத்து வருடம் கமிஷனிங்கில் அலைந்தவர்களுக்கு எந்த சென்சார் எப்போது பொய் சொல்லும் என்று தெரியும், ஆலை மாதிரிக்கு வேண்டிய அறிவு அதுதான், அது எந்தக் கருவிக்குள்ளும் இல்லை.

தொடங்குவதற்கு உங்கள் லைனில் ஒரே ஒரு ஸ்டேஷனை எடுங்கள், இரண்டு மூன்று சிலிண்டர், ஐந்தாறு சென்சார் உள்ளதாக. முதலில் தேவைகளை எழுதாதீர்கள். ஒவ்வொரு சென்சாருக்கும் அது எப்போது மாறலாம், எந்தக் கட்டளை இருந்தால் மாறும், கட்டளை இல்லாமலும் மாறுமா என்று எழுதுங்கள், மெயின்டெனன்ஸ் ஆட்களைக் கூட உட்கார வைத்துக்கொண்டு எழுதினால் இன்னும் நல்லது. அதன்பின் தேவைகளைக் கட்டளைக்கான நிபந்தனைகளாக எழுதி, சிஐஎஃப்பில் போட்டு, அது சேர்க்கிற கூடுதல் நிபந்தனைகளை இப்போது ஓடிக்கொண்டிருக்கும் உங்கள் ப்ரோகிராமின் இன்டர்லாக்குகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். கருவி கேட்டு உங்கள் ப்ரோகிராமில் இல்லாதது ஏதாவது இருந்தால், அதை நாளைக்கே லைனில் போய்ப் பாருங்கள்.